மனுஷனுக்கு வேணாம்னு ஓரங்கட்டின மூட்டுவலி ஊசி நாய்க்கு மட்டும் எப்படி சரியா வருது?

வாலாட்டி

நம்ம லேப்ராடாருக்கு பின்னங்கால் ரெண்டுலயும் மூட்டு தேய்மானம், எந்திரிக்கறதுக்கே ரொம்ப யோசிக்குது. மாசத்துக்கு ஒரு ஊசி போடலாம்னு வெட் (கால்நடை டாக்டர்) சொல்றார், பெடின்வெட்மாப்னு மருந்து, லிப்ரெலாங்கற பேர்ல வருது. சரின்னு அதைப் பத்தி தேடப்போனா மண்டை காய்ஞ்சிடுச்சு. இதே வழியில வேலை செய்யற டானேசுமாப்னு மனுஷங்களுக்கான ஊசி ஒண்ணு இருந்திருக்கு, 2021 மார்ச்ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ கூட்டின நிபுணர் குழு 19க்கு 1ங்கற கணக்குல எதிரா ஓட்டு போட்டுச்சு, அதைத் தயாரிச்ச ஃபைசர், லில்லி கம்பெனிகளும் அதோட அதை கைவிட்டுட்டாங்க. ஆனா 2022 ஜனவரில பூனைக்கு அதே மாதிரி ஊசி ஓகே, 2023 மே மாசம் நாய்க்கும் ஓகே, குடுத்தது அதே எஃப்டிஏ. மனுஷன் மூட்டை கெடுக்கும்னு பயந்த விஷயத்தை நாய்க்கு போடறது என்ன நியாயம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வெட்டை திட்டறதுக்காக கேக்கல, நிஜமா புரியல.

கொட்டில்டாக்டர்

நான் வெட், இந்த ஊசியை போட்டும் இருக்கேன், சிலருக்கு வேணாம்னு சொல்லியும் இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் பேசறேன். முதல்ல இது என்ன பண்ணுதுன்னு பார்த்துடலாம். நரம்பு வளர்ச்சிக் காரணின்னு ஒரு புரதம், எல்லாரும் என்ஜிஎஃப்னு சொல்வாங்க, கருவுல இருக்கும்போது நரம்பு வளர இது வேணும், வளர்ந்த உடம்புல அடிபட்ட இடத்துலயும் வீங்கின மூட்டுலயும் இது நிறைய ஊறி வலி நரம்பை உசுப்பிவிடும். இந்த ஊசில இருக்கற ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒண்ணை மட்டும் தேடிப் பிடிக்கற புரதம், அந்த என்ஜிஎஃப்பை பிடிச்சு கட்டிப்போட்டுடும், அதனால வலி சிக்னல் குறையும். வீக்கத்தை குறைக்கற மாத்திரைங்க வேற வழி, இது வேற வழி.

டானேசுமாபும் இதுவும் ஒரே மருந்து இல்லங்க. மனுஷ ஆன்டிபாடியை நாய்க்கு போட்டா நாயோட உடம்பு அதை அந்நியன்னு நினைச்சு அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ணி அழிச்சிடும், அதனால நாய்க்கு நாயோடது மாதிரியே, பூனைக்கு பூனையோடது மாதிரியே தனித்தனியா செஞ்சாங்க. பூனைக்கு வந்தது ஃப்ருனெவெட்மாப், எஃப்டிஏ விலங்குகளுக்குன்னு ஒத்துக்கிட்ட முதல் மோனோக்ளோனல் ஆன்டிபாடியே (ஆய்வகத்துல ஒரே மாதிரி தயாரிக்கற ஆன்டிபாடி) அதுதான்.

அப்புறம் ஏன் ஓகே ஆச்சுன்னா, மாத்து என்ன இருக்குங்கறதையும் சேர்த்துதான் எடை போடுவாங்க. மனுஷனுக்கு வலி மாத்திரை, பிசியோதெரபி, கடைசில மூட்டு மாத்து ஆபரேஷன்னு வரிசையா இருக்கு. வயசான பூனைக்கு என்ன இருக்கு சொல்லுங்க? பாதிக்கு மேல கிட்னி பிரச்சனையோட வரும், மெலாக்சிகாம் மாதிரி மாத்திரையை திரும்பத் திரும்ப குடுத்தா கிட்னி போயிடும்னு அமெரிக்காவுல லேபிள்லயே கட்டம் கட்டி எச்சரிக்கை. அங்க இந்த ஊசி நிஜமாவே ஒரு வரம்.

எண்கணக்கு

டாக்டர் சொன்ன "மாத்து இல்ல" பாயிண்ட் பூனைக்கு ஒத்துக்கறேன். நாய்க்கு அவ்ளோ சுலபமா விட முடியாது.

மனுஷங்க ட்ரையல்ல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். கிட்டத்தட்ட 3000 பேர், ஒரு வருஷத்துக்கு மேல மருந்து, அப்புறமும் கண்காணிப்பு, குறிப்பிட்ட இடைவெளில எக்ஸ்ரே. மூட்டு வேகமா சிதையறது மாதிரி பிரச்சனை சாதாரண வலி மாத்திரை எடுத்தவங்கள்ல 1.5 சதவீதம், டானேசுமாப் 2.5 மில்லிகிராம்ல 3.8 சதவீதம், 5 மில்லிகிராம்ல 7.1 சதவீதம். டோஸ் ஏற ஏற பிரச்சனையும் ஏறுது, இதுதான் குழுவை பயமுறுத்தினது.

இப்ப நாய்க்கு வாங்க. பெரிய ட்ரையல் ரெண்டு, ஒண்ணுல 272 நாய், இன்னொண்ணுல 287, அதுல பாதிக்கு மருந்தே இல்லாத டம்மி ஊசி, முக்கியமா பார்த்தது முதல் மூணு மாசம். 1.5க்கும் 3.8க்கும் உள்ள வித்தியாசம் 140 நாய் உள்ள ஒரு பக்கத்துல 2 நாய்க்கும் 5 நாய்க்கும் உள்ள வித்தியாசம். அதுவும் மூணு மாசத்துல, எல்லா நாய்க்கும் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்து தேடாம. கண்ணுல படவே வாய்ப்பு இல்ல. "நாய்கள்ல அந்தப் பிரச்சனை வரல"ங்கறதும் "வந்தா தெரியற மாதிரி யாரும் பார்க்கல"ங்கறதும் ஒண்ணு இல்ல, எனக்கு இதுல இருக்கற ஒரே சண்டை இதுதான்.

சந்தேகராமன்

இதுல என்ன புரியறதுக்கு இருக்கு. நாய் ஊசி விக்கற சோயெட்டிஸ் 2013 வரைக்கும் ஃபைசரோட கால்நடை மருந்துப் பிரிவுதான். மனுஷன்கிட்ட விக்க முடியலன்னா நாய்கிட்ட வித்துடு. கதை முடிஞ்சது.

கொட்டில்டாக்டர்

சந்தேகராமன் சார், கம்பெனி லாபம் பார்க்கும்னு கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுக்கு. ஆனா நீங்க சொல்ற கணக்கு தேதில இடிக்குது, ஐரோப்பாவுல நாய் ஊசிக்கு 2020லயே அனுமதி குடுத்துட்டாங்க, மனுஷ மருந்து விழுந்தது அதுக்கப்புறம்தான். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஓடின வண்டி.

எண்கணக்கு சொன்னதுக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். 2024 டிசம்பர்ல எஃப்டிஏவே எங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் எழுதுச்சு, ஊசி போட்ட நாய்கள்ல தள்ளாட்டம், வலிப்பு, பின்னங்கால் செயலிழக்கறது, அடக்க முடியாம மூத்திரம் போறது, அதிகமா தண்ணி குடிக்கறதுன்னு புகார் வந்திருக்கு, செத்ததும் இருக்கு, ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லுங்கன்னு. நான் சொல்லிட்டுத்தான் போடறேன். எல்லாரும் சொல்றாங்களான்னு கேட்டா, தெரியும்ல.

எண்கணக்கு

அதோட 2025ல ஒரு பேப்பரும் வந்துச்சு. ஐரோப்பிய மருந்து ஏஜென்சியோட பக்கவிளைவு டேட்டாபேஸை எடுத்து, தசைநார் கிழிசல், பல மூட்டு அழற்சி, எலும்பு முறிவு, மூட்டுல சீழ் மாதிரி புகார்களை எண்ணிப் பார்த்தாங்க. மத்த வலி மருந்துங்களை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் அதை விட சுமார் 9 மடங்கு அதிகம் லிப்ரெலாவுக்கு.

கொட்டில்டாக்டர்

அந்த 9 மடங்கை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க ப்ரோ. புது மருந்துன்னா வெட்டும் புகார் எழுதுவார், ஓனரும் எழுதுவார், முப்பது வருஷமா குடுக்கற மாத்திரைக்கு நாய் வாந்தி எடுத்தா யாரும் எழுதறது கிடையாது. அதுபோக இந்த ஊசி போடறதே வயசாகி, பெரிய உடம்பா, ஏற்கனவே மூட்டு போன நாய்க்கு. அதுங்களுக்குத்தான் தசைநாரும் கிழியும், எலும்பு கேன்சரும் வரும். எத்தனை நாய்க்கு போட்டதுல இத்தனை புகார்ங்கற கணக்கு இல்லாம மடங்கு போடறது அபாயம். ஆனா அந்தப் பேப்பர்ல சில கேஸ்களை ஒரு நிபுணர் குழுகிட்ட எக்ஸ்ரேயோட குடுத்து கேட்டாங்க, அவங்களும் சந்தேகம் பலமா இருக்குன்னாங்க, அந்தப் பகுதியை நான் லேசா எடுத்துக்கல.

எண்கணக்கு

ஒத்துக்கறேன், அது எச்சரிக்கை சிக்னல் மட்டும்தான், ரிஸ்க் எவ்ளோங்கற அளவு இல்ல. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ட்ரையல் ஒரு வருஷம், எக்ஸ்ரேயோட. பண்ணுவாங்களான்னுதான் பார்க்கணும்.

வாலாட்டி

ரெண்டு பேரும் இப்படி பேசினா நான் என்ன பண்றது. பக்கத்து வீட்டு நாய் ஊசி போட்டு ஒரே வாரத்துல ஓடுதுன்னு சொல்றாங்களே, அது பொய்யா?

எண்கணக்கு

பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா 2012ல வந்த ஒரு ஆய்வை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. மூட்டுவலி நாய்களை வெச்சு பண்ண ட்ரையல்ல டம்மி மருந்து போன நாய்களை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தாங்க. தரையில பதிச்ச அழுத்தம் அளக்கற பலகை "கால்ல முன்னேற்றம் இல்ல"ன்னு காட்டுது, ஓனர்கள் சுமார் 40 சதவீதம் நேரம் "நல்லாயிடுச்சு"ங்கறாங்க. இதுல சுவாரசியம் என்னன்னா நடக்கவிட்டுப் பார்த்த வெட்டுகளும் கிட்டத்தட்ட அதே அளவு ஏமாந்தாங்க. நாய்க்கு மருந்துன்னே தெரியாது, பிளசீபோ, அதாவது மருந்து குடுத்தாச்சுங்கற நம்பிக்கை, வேலை செஞ்சது நமக்குத்தான். இதனாலதான் டம்மி ஊசி வெச்சு ஒப்பிடாத எந்த நாய் ஆய்வையும் நான் படிக்கறதோட விட்டுடறது.

அதே சமயம், லிப்ரெலா டம்மியை விட நல்லா வேலை செஞ்சதும் உண்மை. வலி குறையுதாங்கறதுல எனக்கு சந்தேகம் கிடையாது.

பூனைக்காரி

எல்லாரும் மனுஷ மருந்து விலங்குக்கு வர்றதையே பேசறீங்க, அதுலயும் கெட்டதையே. எஃப்ஐபி பத்தி யாரும் சொல்லலையே. பூனை வெச்சிருக்கறவங்களுக்கு அந்த மூணெழுத்து கேட்டாலே வயித்தைப் பிசையும், பூனைகளோட சாதாரண குடல் கொரோனா வைரஸ் உடம்புக்குள்ளயே மாறி வயித்துல தண்ணி கட்டி வாரக்கணக்குல கொன்னுடும், வந்தா போச்சுன்னுதான் இருந்துச்சு. கிலியட்ங்கற மருந்து கம்பெனிகிட்ட ஜிஎஸ்-441524னு ஒரு மூலக்கூறு இருந்துச்சு, கோவிட் மருந்தான ரெம்டெசிவிர் உடம்புக்குள்ள போய் மாறறதும் இதோட சம்பந்தப்பட்டதுதான், கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைல நீல்ஸ் பெடர்சன் டீம் 31 பூனைக்கு குடுத்துப் பார்த்தாங்க, 26 பூனை 12 வாரம் முடிச்சுது, 2019ல பேப்பர் வந்தப்ப 25 பூனை நல்லா இருந்துச்சு. நூத்துக்கு நூறு சாகற நோய்ல!

ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. பூனைக்கு லைசென்ஸ் வாங்கினா மனுஷ மருந்து அனுமதிக்கு இடைஞ்சல் ஆயிடும்னு கம்பெனி தயங்கிச்சுன்னு அப்பவே பேச்சு. சட்டப்படி மருந்து கிடைக்காம பூனை வெச்சிருக்கறவங்க ஃபேஸ்புக் குரூப் வழியா பேர் தெரியாத குப்பில வாங்கி வீட்டுலயே தெனம் ஊசி போட்டாங்க, உலகம் பூரா. உள்ள என்ன அளவு இருக்குன்னு லேபிளை நம்ப முடியாது. பிரிட்டன்ல 2021ல தான் முறையா தயாரிச்சு குடுக்க வழி வந்துச்சு, அமெரிக்காவுல 2024ல.

ஆய்வகஎலி

@பூனைக்காரி அக்கா, அதுல இன்னும் புதுசு ஒண்ணு இருக்கு. 84 நாள் குடுக்கணுங்கறது ஆரம்பத்துல வந்த வழக்கம். மியூனிக் பல்கலைல 40 பூனைகளை ரெண்டா பிரிச்சு, வயித்துலயோ நெஞ்சுலயோ தண்ணி கட்டின வகைக்கு மட்டும், ஒரு குரூப்புக்கு 42 நாள், இன்னொண்ணுக்கு 84 நாள் மாத்திரை குடுத்தாங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் வந்துச்சு, 2024ல பேப்பர். பாதி நாள்ங்கறது பூனை வாயில மாத்திரை போட்டவங்களுக்குத்தான் அருமை தெரியும். மூளை, கண் பாதிச்ச பூனைக்கு இதை அப்படியே எடுத்துக்கக் கூடாது, அதுங்க அந்த ஆய்வுல இல்ல.

சைப்ரஸ் கதை தெரியும்ல? 2023ல அங்க பூனைங்க கொத்துக் கொத்தா செத்துச்சு, நாய் கொரோனா வைரஸோட ஒரு துண்டை வாங்கி ஒட்டிக்கிட்ட புது பூனை வைரஸ், எஃப்கோவ்-23னு பேர் வெச்சாங்க. அங்க அரசாங்கம் மனுஷங்களுக்கு வாங்கி மிச்சம் இருந்த கோவிட் மாத்திரை ஸ்டாக்கை பூனைக்கு திறந்துவிட்டுச்சு. மனுஷ மருந்து, பூனை வைரஸ், அதுக்குள்ள நாய் வைரஸ் துண்டு.

சந்தேகராமன்

மாட்டுப் பூச்சி மருந்தை மனுஷன் தின்னா மட்டும் சிரிக்கறீங்க. ஐவர்மெக்டின்.

ஆய்வகஎலி

சிரிச்சது கோவிடுக்கு தின்னதுக்கு, பெரிய ட்ரையல்கள்ல அதுக்கு பலன் இல்லன்னு ஆச்சு. ஐவர்மெக்டினே நல்ல மருந்துதான், 1981ல விலங்குகளுக்கு வந்து, 1987ல இருந்து ஆத்துக் குருட்டு நோய்க்கு மனுஷங்களுக்கு இலவசமா குடுக்கறாங்க, 2015ல நோபல் வேற. 2025ல கென்யாவுல ஒரு பெரிய ட்ரையல் முடிவு வந்துச்சு, ஊர் மொத்தத்துக்கும் மாசம் ஒரு தடவை மூணு மாசம் குடுத்தா, ரத்தம் குடிக்கற கொசு சாகுது, குழந்தைகளுக்கு மலேரியா 26 சதவீதம் குறைஞ்சுது. கொசு வலைக்கு மேல கிடைச்ச பலன் அது.

ஆனா உங்க பாயிண்ட்ல இருந்தே ஒண்ணு சொல்றேன். இதே மருந்து சாதாரண நாய்க்கு ஒண்ணும் பண்ணாத டோஸ்ல கோலிங்கற இன நாய் பலதை கோமாவுல தள்ளும். அதுங்களுக்கு ஏபிசிபி1 ஜீன்ல 4 டிஎன்ஏ எழுத்து விட்டுப்போச்சு, மூளைக்குள்ள போற மருந்தை வெளிய தள்ளற பம்ப் வேலை செய்யாது. நாய்க்கும் நாய்க்குமே இவ்ளோ தூரம்.

எண்கணக்கு

இதைத்தான் நானும் சொல்றேன். இனம் மாறினா கேள்வியை முதல்ல இருந்து கேக்கணும்.

ஆய்வகஎலி

அதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் தூக்க நோய், கொஞ்சம் நீளம் பொறுத்துக்கங்க. நார்கோலெப்ஸின்னு, பகல்ல திடீர்னு தூங்கிடுவாங்க, சிரிச்சா உடம்பு துவண்டு விழுவாங்க. ஸ்டான்ஃபோர்ட்ல இந்த நோய் உள்ள டாபர்மேன், லேப்ராடார் குடும்பங்களை வருஷக்கணக்கா வளர்த்தாங்க, பிடிச்ச சாப்பாட்டைப் பார்த்த சந்தோஷத்துலயே அப்படியே சரிஞ்சு விழும். 1999ல அங்க மினோங்கற ஆராய்ச்சியாளரோட டீம் காரணத்தை கண்டுபிடிச்சாங்க, ஓரெக்சின்னு மூளையில விழிப்பா வெக்கற ஒரு சிக்னல், அதை வாங்கற ரிசெப்டர் அந்த நாய்களுக்கு உடைஞ்சு போயிருக்கு. சரி, மனுஷனுக்கும் அதே ஜீன்தான்னு தேடினா, அநேகமா யாருக்கும் அது உடையல. மனுஷங்களுக்கு ரிசெப்டர் நல்லாத்தான் இருக்கு, ஓரெக்சினை சுரக்கற செல்லுங்கதான் செத்துப்போகுது.

இப்ப யோசிங்க. அந்த ரிசெப்டரை தூண்டற மாத்திரை ஒண்ணு, ஓவெபோரெக்ஸ்டான், 2025ல 112 பேர் ட்ரையல் முடிவு வந்துச்சு, மனுஷங்க பகல்ல முழிச்சிருக்கற நேரம் நல்லாவே கூடுச்சு. அந்த டாபர்மேனுக்கு குடுத்தா? ஒண்ணும் ஆகாது, தூண்டறதுக்கு ரிசெப்டரே இல்ல. எந்த நாய் வழி காட்டுச்சோ அதுக்கே பலிக்காத மருந்து. ஆனா அந்த நாய் இல்லன்னா அந்தப் பாதையே நமக்கு தெரிஞ்சிருக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

பூனைக்காரி

அப்ப சர்க்கரை நோய்? நம்ம மூத்த பூனைக்கு வெட் ஒரு மாத்திரை சொன்னாங்க, மனுஷ மருந்தாம்.

கொட்டில்டாக்டர்

பெக்ஸாகிளிஃப்ளோசினா? அதுல ஒரு வேடிக்கை, பூனைக்கு 2022 டிசம்பர்ல எஃப்டிஏ ஓகே, மனுஷனுக்கு 2023 ஜனவரில. பூனைதான் முந்திக்கிச்சு. கிட்னி திரும்ப உறிஞ்சற சர்க்கரையை மூத்திரத்துலயே விட்டுடற மருந்து, தெனம் ஊசி குத்த வேண்டாம்.

ஆனா நல்லா கேட்டுக்கங்க, ஏற்கனவே இன்சுலின் போட்டுட்டு இருந்த பூனைக்கு இது கூடவே கூடாது. ரத்தத்துல சர்க்கரை நார்மலா காட்டும், உள்ளுக்குள்ள கீட்டோன்ங்கற அமிலம் ஏறி பூனை சாகும், மீட்டரை நம்பி உக்காந்திருந்தா தெரியவே தெரியாது. சாப்பிடாம சுருண்டு கிடந்தா மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே கூட்டிட்டு வரணும். முதல்ல கீட்டோன், கல்லீரல், கணையம் எல்லாம் பார்த்துட்டுத்தான் ஆரம்பிப்போம்.

மாட்டுக்காரன்

மனுஷன் நாய் பூனைன்னே போகுது. 2024 மார்ச்ல அமெரிக்காவுல கறவை மாட்டுக்கே பறவைக் காய்ச்சல் வந்துச்சே, மடியில வைரஸ், பால்ல வைரஸ். அந்தப் பச்சைப் பாலை குடிச்ச டெக்சாஸ் பண்ணைப் பூனைங்க பாதி செத்துச்சு. மாடு என்னமோ பெருசா சாகல, பால்தான் குறைஞ்சுது, பூனை விழுந்த பிறகுதான் பல பேருக்கு உறைச்சுது. எல்லா உயிருக்கும் சேர்த்து ஒரே ஆராய்ச்சின்னு பேசறவங்க அங்க எங்க போனாங்க?

நடத்துனர்

மாட்டுக்காரன், நல்ல கேள்வி, இந்தப் பறவைக் காய்ச்சல் வைரஸ் எச்5என்1க்கு தனி இழை ஓடுது, அங்க போடுங்க. காய்ச்சின பால், பாஸ்சரைஸ் பண்ண பால்ல உயிரோட வைரஸ் இருக்காதுங்கறதை மட்டும் இங்கயும் சொல்லிடறேன், இல்லன்னா ராத்திரி பூரா அதே கேள்வி வரும்.

வாலாட்டி

எல்லாம் படிச்சேன். எனக்கு இப்ப கேள்வி மாறிடுச்சு. நம்ம நாய் ஏற்கனவே கார்ப்ரோஃபென்ங்கற வலி மாத்திரையில இருக்கு, வெட் அதையும் தொடர்ந்துக்கிட்டே ஊசியும் போடலாங்கறார். மனுஷங்கள்ல இந்த ரெண்டும் சேர்ந்தப்பதான் மூட்டு சிதையறது கூடுச்சுன்னு ஒரு இடத்துல படிச்சேனே?

கொட்டில்டாக்டர்

சரியாத்தான் படிச்சிருக்கீங்க. மனுஷ ட்ரையல்கள்ல என்ஜிஎஃப் ஊசியோட வலி மாத்திரையும் தொடர்ந்து எடுத்தவங்களுக்கு அந்தப் பிரச்சனை அதிகம், அதனால பிந்தின ட்ரையல்கள்ல மாத்திரையை கட்டுப்படுத்தினாங்க. நாய்ல கார்ப்ரோஃபெனோட சேர்த்துப் பார்த்தது ஆரோக்கியமான இளம் நாய்கள்ல, ரெண்டு வாரம். உங்க நாய் இளசும் இல்ல, ரெண்டு வாரத்துக்கும் இல்ல. நானா இருந்தா மாசக்கணக்குல ரெண்டையும் சேர்த்து ஓட்ட மாட்டேன்.

நேரா இப்படி கேளுங்க உங்க வெட்கிட்ட. கார்ப்ரோஃபென் போதுமான அளவு வேலை செய்யுதா, ரத்தத்துல கிட்னி லிவர் எப்படி இருக்கு? ரெண்டும் நல்லா இருந்தா ஊசிக்கு இப்ப அவசரம் என்ன? ஊசிதான்னு முடிவானா மாத்திரையை எப்ப நிறுத்தறது, ஊசிக்கு முன்னாடி இடுப்பு முட்டி எக்ஸ்ரே எடுத்து வெக்கலாமா, ஆறு மாசம் கழிச்சு திரும்ப எடுத்து ஒப்பிடலாமா? முதல் எக்ஸ்ரே இல்லன்னா பின்னாடி நொண்டினா தேய்மானமா ஊசியான்னு யாராலயும் சொல்ல முடியாது. எடையையும் கேளுங்க, லேப்ராடார்ங்கறீங்க, நான் பார்த்த லேப்ராடார்ல முக்கால்வாசி குண்டுதான், எடை குறைஞ்சாலே நடை மாறும்.

ஊசிக்கப்புறம் தள்ளாடினாலோ, திடீர்னு தண்ணி தண்ணியா குடிச்சாலோ, ஒரு கால்ல புதுசா நொண்டினாலோ அடுத்த ஊசியை தள்ளிப்போட்டுட்டு காட்டுங்க.

எண்கணக்கு

நடக்கறதை ஊசிக்கு முன்னாடியே போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கங்க, ஒரே இடம், ஒரே தூரம். மாசா மாசம் அதே மாதிரி எடுத்து, தேதி சொல்லாம வீட்டுல இல்லாத யார்கிட்டயாவது காட்டி எது நல்ல நடைன்னு கேளுங்க.

வாலாட்டி

நாளைக்கு எக்ஸ்ரேவுக்கு போன் பண்றேன். எடை 41 கிலோ, திட்டாதீங்க டாக்டர்.

கொட்டில்டாக்டர்

திட்டறேன். பிஸ்கட்டை நிறுத்துங்க முதல்ல.